பசையைத் தின்னட்டும், நாரை விடட்டும்

பூ கட்டுகிற வாழைநாரை என்றைக்காவது நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறீர்களா? தாம்பரம் மார்க்கெட்டில் மல்லிகை தொடுக்கும் அம்மாக்கள், காய்ந்த மட்டையிலிருந்து உரித்த நாரை நனைத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து நீளவாக்கில் கிழித்தால் இரண்டாகும், நான்காகும், எட்டாகும். தலைமுடி அளவுக்கு வந்தபின் நகம் தோற்றுவிடும். அதற்குமேல் கிழிக்கப் பார்த்தால் பிரியாது, அறுந்துபோகும். ஆனால் அந்த முடி கனத்து இழையும் ஒற்றை நார் அல்ல. அதன் குறுக்குவெட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒன்றோடொன்று பசையால் ஒட்டிக் கிடக்கும் நுண்நார்களின் கட்டு தெரியும். நகத்தால் பிரிக்க முடியாத அந்தக் கட்டைப் பிரிக்கத்தான் இப்போது நொதிகளைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். மில்காரர்கள் மொழியில் சொன்னால் என்சைம்.

வாழைநார் பூவோடு நிற்கவில்லை. பல்லாவரத்தை அடுத்து அடையாற்றங்கரையில் இருக்கும் அனகாபுத்தூரில் அது தறி ஏறி வெகுநாளாகிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர் இது. ஒருகாலத்தில் இங்கே நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் துணி கப்பலேறி நைஜீரியா போனது. 1970-களுக்குப் பிறகு அந்தச் சந்தை சுருங்க, தறிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மிஞ்சிய நெசவாளர்களில் ஒரு சாரார் இயற்கை நார்கள் பக்கம் திரும்பினார்கள். அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தின் சி. சேகர் 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரே சேலையை நெய்ததும், அது லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறியதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. வாழை, சணல், கற்றாழை, மூங்கில், அன்னாசி என்று பட்டியல் நீளும். லினன் துணிக்கு மூலமான ஆளிச்செடியின் நாரும் இதே குடும்பத்துச் சரக்குதான். ஆளி விதையைச் சப்பாத்தி மாவில் கலக்கிறோமே, அதே செடி.

கலப்பு என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தியாகவோ பட்டாகவோ இருக்க, குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் வாழைநாரை விடுவது ஒரு வகை. கைத்தறிக்குப் பொருந்துவது இதுதான். பாவு நூல் எந்நேரமும் விறைப்பில் நிற்க வேண்டும். தறியின் விழுதிலும் பண்ணையிலும் ஆயிரம் தடவை உரசல் பட வேண்டும். ஊடைக்கு அந்தப் பாடு இல்லை. அதனால் முரட்டு நாரும் ஊடையில் தாக்குப்பிடிக்கும். இங்கே கலப்பது துணி, நூல் அல்ல.

இரண்டாவது வகையில் நூலே கலப்பு. மில்லில் இழைகளைச் சீவிவிடும் கார்டிங் இயந்திரத்துக்குப் போகும் முன்பே பருத்தியும் பிற நாரும் ஒன்றாகிவிடும். கோனில் வரும் நூலின் எந்த அங்குலத்தை வெட்டினாலும் இரண்டும் இருக்கும். கடையில் லினன் காட்டன் என்று விற்கும் சட்டைகளில் இப்படிப்பட்ட நூலும் உண்டு, பாவு பருத்தியும் ஊடை லினனுமாக நெய்ததும் உண்டு. கலப்பு நூலைச் செய்வது லேசல்ல. பருத்தி மில்லின் இயந்திரங்கள் 28, 30 மில்லிமீட்டர் நீளமும் 15 மைக்ரான் சுமார் கனமும் உள்ள இழைக்காகவே வடிவமைக்கப்பட்டவை. வாழைத்தண்டிலிருந்து இயந்திரத்தில் உரித்த நாரின் கனம் 100, 200 மைக்ரான் இருக்கும். 40-ஆம் கவுண்ட் பருத்தி நூலின் மொத்தக் கனமே ஏறக்குறைய 150 மைக்ரான்தான். அதாவது ஒற்றை வாழைநார் ஒரு முழு நூலுக்குச் சமம். அதை அந்த நூலுக்குள் எப்படி முறுக்குவது?

ஆளியில் நிலைமை வேறு. அதன் தண்டைச் சுற்றிலும், பட்டைக்கு உள்பக்கமாக, சில பத்துக் கட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டிலும் பத்து முதல் நாற்பது நுண்நார்கள். கட்டு முக்கால் மீட்டர் நீளம்கூட ஓடும். உள்ளே இருக்கும் ஒற்றை நுண்நாரின் நீளமோ சராசரி 25, 30 மில்லிமீட்டர், கனம் 20 மைக்ரானுக்குள். இந்த எண்களைப் பருத்தியின் எண்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பருத்தியோடு கலப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது. குறுக்கே நிற்பது பசை மட்டும்.

இந்தப் பொருத்தம் 19-ஆம் நூற்றாண்டிலேயே சிலர் கண்ணில் பட்டுவிட்டது. 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் கிளாசன் என்பவர் ஆளிநாரைப் பருத்தியாக்கிக் காட்டினார். நாரைச் சோடா கரைசலில் ஊறவைத்து அமிலத்தில் முக்கினால், நாருக்குள்ளேயே கரியமில வாயு பொங்கி எழுந்து கட்டை வெடித்துப் பிரிக்கும். பார்வையாளர்கள் வியந்தார்கள், தொழிலாக அது நிலைக்கவில்லை. அதற்கு முன்பே, 1810-இல், ஆளிநார் நூற்கும் இயந்திரத்துக்கு நெப்போலியன் பத்து லட்சம் பிராங்க் பரிசு அறிவித்திருந்தார். பிலிப் த ஜிரார் இயந்திரத்தைச் செய்தும் காட்டினார். பேரரசு கவிழ்ந்தது, பரிசு அவர் கைக்கு வரவே இல்லை. நீரில் நனைத்து நூற்கும் முறையை 1825-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் கே காப்புரிமை பெற்றுப் பரப்பினார். மெல்லிய லினன் நூலை இன்றும் அப்படித்தான் நூற்கிறார்கள். சுடுநீரில் பசை இளகும், நுண்நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நீளும். பசையை எடுக்காமலே இளக்கிச் சமாளித்தது அந்தத் தலைமுறையின் கெட்டிக்காரத்தனம்.

பசையின் பெயர் பெக்டின். கொய்யா ஜாமைக் கெட்டியாக்குவதும் இதுதான். சர்க்கரை அமில அலகுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறு. இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனிகள் உட்கார்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கின்றன. ஆக நாரைப் பிரிக்க இரண்டு வழி இருக்கிறது. சங்கிலியை வெட்டலாம், அல்லது கால்சியத்தை உருவி எடுக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதை அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜியா ஆய்வகத்தில் டேனி ஏக்கின் குழு வருடக்கணக்கில் சோதித்துக் காட்டியது. பெக்டினை வெட்டும் நொதியோடு, கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளையும் கரைசலில் சேர்த்தார்கள்.

இயற்கையில் இந்த வேலையை நுண்ணுயிர்கள் தாமாகவே செய்துவந்தன. ஆளித் தண்டைப் பிடுங்கி வயலிலேயே பரப்பிவிட்டால், பனியிலும் மழையிலும் பூஞ்சை பிடித்துச் சில வாரங்களில் பசையைத் தின்னும். பிரான்சின் நார்மாண்டியில் இன்றும் இதுதான் வழக்கம். ஆனால் அந்த ஊரின் ஈரமும் குளிரும் வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் பூஞ்சை பிடிக்கும் முன்பே தண்டு காய்ந்து சருகாகிவிடும், ஐப்பசி மழையில் அழுகிக் கூழாகும். இன்னொரு பழைய வழி தண்ணீரில் ஊறப்போடுவது. வங்காளத்தில் சணலை இப்படித்தான் குளத்தில் அமிழ்த்தி ஊறவிடுகிறார்கள். பெல்ஜியத்தின் லைஸ் ஆறு லினனுக்குப் புகழ்பெற்றது இப்படித்தான், நாற்றத்துக்குப் பெயர்போனதும் இப்படித்தான். ஊறும் தண்ணீரின் ஆக்சிஜனையெல்லாம் நுண்ணுயிர்கள் உறிஞ்சிவிட, மீன் மிதக்கும். கடைசியில் அங்கே ஆற்றில் ஊறப்போடுவதற்குத் தடை வந்தது.

கொல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் இருக்கும் மத்திய சணல் ஆராய்ச்சி நிறுவனம், தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களை 'கிரிஜாஃப் சோனா' என்ற பெயரில் பொடியாகத் தருகிறது. ஊறவைத்த சணலில் தூவினால் ஒரு வாரம் போல மிச்சமாகும். இது நுண்ணுயிரையே அனுப்பும் முறை. நொதி முறை வேறு. ஆளைக் கூப்பிடாமல் அவர் அரிவாளை மட்டும் வாங்கிவந்து நாமே வெட்டுவது போன்றது. பூஞ்சையையோ பாக்டீரியாவையோ ஆலையில் வளர்த்து, அது சுரக்கும் பெக்டினேஸை, அதாவது பெக்டினை வெட்டும் நொதியை, பிரித்து, கேனில் அடைத்து விற்கிறார்கள். வாரக்கணக்கில் நடந்தது ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1980-களிலேயே ஆளிக்கென்று 'ஃபிளாக்ஸைம்' என்ற கலவையைக் கொண்டுவந்தது. நார் நன்றாகத்தான் வந்தது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. சூரியனும் பனியும் இலவசமாகச் செய்கிற வேலைக்குக் காசு கொடுக்க எந்த விவசாயி முன்வருவார்?

அந்தக் கால நொதிக் கலவைகளில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பெக்டினேஸோடு செல்லுலேஸும் கலந்திருக்கும். பசையை வெட்டுவது முன்னது, நாரையே வெட்டுவது பின்னது. ஆளிநாரை மைக்ரோஸ்கோப்பில் உருப்பெருக்கிப் பார்த்தால் மூங்கில் கணு மாதிரி அங்கங்கே குறுக்குக் கோடுகள் தெரியும். செடி காற்றில் வளைந்தபோதும், தண்டை உருளையில் நசுக்கியபோதும் விழுந்த மடிப்புகள் அவை. மடிப்பில் செல்லுலோஸ் அடுக்கு கலைந்து இடைவெளி விட்டிருக்கும். செல்லுலேஸ் நுழைவது சரியாக அந்த இடத்தில்தான். நார் பளபளப்பாக, மெத்தென்று இருக்கும், இழுத்தால் கணுவில் பட்டென்று தெறிக்கும். ஆளிநார் ஏற்கெனவே விறைப்பானது. பருத்தி ஆறேழு சதவீதம் நீண்ட பிறகுதான் அறும், ஆளிநார் இரண்டு மூன்று சதவீதத்திலேயே அறுந்துவிடும். கலப்பு நூலை இழுக்கும்போது முதல் அடி அதற்குத்தான். பலம் குறைந்த நாரை அனுப்பினால் கார்டிங் பற்களிலேயே பொடியாகிக் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். அதனால் செல்லுலேஸ் கலக்காத, பெக்டினை மட்டும் வெட்டும் காரத்தன்மை நொதிகள் வந்தபோது ஆய்வாளர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பருத்தித் துணியைக் காஸ்டிக்கில் வேகவைக்காமல் சுத்தம் செய்வதற்காகத் தயாரானவை அவை. ஆளிக்கும் பொருந்தின.

நம் ஊர் நார்களுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியுமா? பத்திரிகைகளில் வரும் உற்சாகச் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஆளியின் நுண்நார் 25 மில்லிமீட்டர் என்றோம். சணலின் நுண்நார் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வாழையும் சில மில்லிமீட்டர் வகையறாவே. பசை முழுவதும் கரைந்தால் ஆளியிலிருந்து பருத்தி போன்ற இழை கிடைக்கும். வாழையிலும் சணலிலும் காகிதக் கூழ் கிடைக்கும். ஒரே நொதி, ஒரே தொட்டி, ஒரே வெப்பம். ஒன்றில் எவ்வளவு தூரம் போனாலும் ஆதாயம், மற்றதில் பாதி வழியில் நிறுத்தியாக வேண்டும். வாழைக்கு நாம் தேடுவது நுண்நார் அல்ல, பருத்தியோடு முறுக்குவதற்கு ஏற்ற மெல்லிய கட்டு. வெளிக் கட்டுகள் பிரிய வேண்டும், உள் பசை மிச்சம் இருக்க வேண்டும்.

போதாக்குறைக்கு லிக்னின். மரத்தை மரமாக்கும் பொருள் அது. ஆளியில் இரண்டு மூன்று சதவீதம், சணலில் பன்னிரண்டு சதவீத அளவு, வாழை இரண்டுக்கும் நடுவில். பெக்டினேஸ் அதைத் தொடாது. சணல் பை வெயிலில் பழுப்பேறுவதும் நார் குத்துவதும் பெரும்பாலும் லிக்னின் கைங்கரியம். சில காளான்கள் சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதி லிக்னினைத் தாக்கும். ஆனால் தனியாக வேலை செய்யாது, துணைக்கு ஒரு வேதிப்பொருள் வேண்டும், செலவும் கூடும். ஆகவே வாழைநாரில் இப்போதைக்குக் கைகூடுவது, பெக்டினையும் ஹெமிசெல்லுலோஸையும் ஓரளவு எடுத்து, நாரைப் பருத்தி நீளத்துக்கு வெட்டி, கால் பங்கு போலப் பருத்தியோடு கலந்து, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு இயந்திரத்தில் தடித்த கவுண்ட் நூலாக எடுப்பதுதான். சட்டைத் துணிக்கு அது ஆகாது. மேசை விரிப்புக்கும் பைக்கும் திரைச்சீலைக்கும் தாராளமாக ஆகும்.

நொதி என்றதும் ஏதோ ஆய்வகத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் 'பயோ வாஷ்' தெரியும். பனியன் துணியின் மேல் நிற்கும் ரோமத்தைச் செல்லுலேஸ் போட்டு எடுப்பதற்குப் பெயர் அது. கொஞ்சம் அமிலத்தன்மை, 50 டிகிரி சூடு, முக்கால் மணி நேரம். துணி ஒன்றோடொன்று உரசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உரசலில்தான் நொதி அரித்த ரோமம் உதிரும். முடிந்ததும் சூட்டை 80-க்கு ஏற்றியோ காரத்தைக் கூட்டியோ நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அதை மறந்தால் துணி ஈரத்தோடு அடுக்கில் கிடக்கும்போதே நொதி வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும், தையலுக்குப் போகும்போது துணி நைந்திருக்கும். லினன் கலப்புத் துணியில் நுனி நீட்டிக்கொண்டு குத்துகிற நார்களை மழுக்குவதும் இதே வழியில்தான். நார் நிலையில் வில்லனாக இருந்த செல்லுலேஸ், துணி நிலையில் வேலைக்காரனாகிவிடுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஆடை தைப்பவர்களுக்கும் இந்த வாஷ் புதிதல்ல.

இன்னும் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் ஆலையால். தோலை மென்மையாக்க அந்தக் காலத்தில் உலகெங்கும் நாய்க்கழிவிலும் புறாக்கழிவிலும் ஊறவைத்தார்கள். வேலை செய்வது கழிவில் உள்ள நொதிகள்தான் என்று கண்டு, ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1907 வாக்கில் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை விற்கத் தொடங்கினார். தோல் பதனிடுபவர்களின் மூக்கு தப்பித்தது. சென்னை அடையாறு பகுதியில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ரோமத்தை நீக்கச் சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் பதில் நொதியைப் பயன்படுத்தும் வழிகளில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. தோலில் கற்ற பாடம் நாருக்கும் செல்லும். எதைத் தின்ன வேண்டும் என்று பார்ப்பதைவிட, எதைத் தின்னக் கூடாது என்று பார்த்து நொதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம்.

தண்ணீர்க் கணக்கும் பார்க்க வேண்டும். நொதி என்றால் மாசே இல்லை என்று விற்பனையாளர் சொல்வார், நம்ப வேண்டாம். கரைந்த பெக்டின் முழுவதும் கழிவுநீரில்தான் இருக்கும். அதை அப்படியே அடையாற்றில் விட்டால் லைஸ் ஆற்றின் கதைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காஸ்டிக்கில் வேகவைத்த நீரை அமிலம் ஊற்றிச் சமன்செய்தால் உப்பு மிஞ்சும். உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியது அந்த மாதிரி உப்புதான். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் அதன் பின்னணியில்தான். நொதித் தொட்டியின் நீரில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைத் துண்டுகள். சாதாரணச் சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியாவே அதைத் தின்று தீர்த்துவிடும்.

அனகாபுத்தூர் தறிகளுக்கு இதில் எது உதவும் என்றால், என் கணிப்பில் முழுக் கலப்பு நூல் அல்ல. அங்கே சேலை வாங்குபவர் காசு கொடுப்பதே ஊடையில் மேடும் பள்ளமுமாகத் தெரிகிற அந்த நாருக்காக. அதை மில்லில் கொடுத்து மாவாக அரைத்துச் சீராக்கினால் விசைத்தறித் துணிக்கும் அதற்கும் என்ன பேதம்? ஊடைக்குப் போகும் வாழைநாரை லேசாக, சில மணி நேரம் மட்டும் பெக்டினேஸ் கரைசலில் போட்டு இளக்கினால் போதும். நார் இன்னும் மெல்லிதாகப் பிரியும், மடித்தால் முறியாது, உடுத்துபவரின் இடுப்பில் குத்தாது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு மூடிய டிரம்மும் பி.எச். பார்க்கும் தாளும் இருந்தால் கூட்டாக நடத்தலாம். கடைசியில் நாரைக் கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்து நொதியை நிறுத்த வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. ஐரோப்பாவில் ஆளித் தண்டுக்கு ஃப்ரீட் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். துண்டு வெட்டிய தண்டைச் சுடுநீர்க் குழாயில் போட்டுக் குலுக்கி, நார் எவ்வளவு பிரிகிறது என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவது. வாழைநாருக்கு எடை போதும். போடும் முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். குறைந்த எடை பசையின் பங்குக்குள் இருந்தால் சரி, அதைத் தாண்டினால் கரைவது நார். ஆனால் நாரை அடுப்பில் 105 டிகிரியில் நன்றாகக் காயவைத்த பிறகே தராசில் வைக்க வேண்டும். ஆளிநார் சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 12 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பருத்தி எட்டரை. மார்கழிக் காலையில் தாம்பரத்துக் காற்றில் வைத்து நிறுத்தால் போன எடையெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்திருக்கும். நொதி ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்து இன்னும் நாலு மணி நேரம் ஊறவிட்டால், எடுக்கும்போது கையில் வருவது கூழ்.